திரையில் ஒரு புள்ளி: செத்ததா, சிக்கியதா, வெறும் தூசியா?

மானிட்டரில் ஒரு புள்ளி தெரிந்ததும் நம் ஆட்கள் முதலில் செய்வது, விரலால் அமுக்கிப் பார்ப்பது. போகவில்லையென்றால் ஜன்னல் கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தை எடுத்து நேராகத் திரைமேல் பீய்ச்சுவது. இரண்டும் வேண்டாம். அமுக்கினால் ஒரு புள்ளி இருந்த இடத்தில் நாலு வரலாம். திரவம் வழிந்து அடி ஓரச் சட்டத்துக்குள் இறங்கினால், அங்கே இருக்கும் மெல்லிய மின்னிணைப்புகள் கெட்டுப் புள்ளிக்குப் பதில் கோடு விழும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கணினி பழுதுபார்ப்பது என் தொழில். இங்கே வரும் மானிட்டர்கள் பலவிதம். தமிழ்ப்பள்ளிக் கணினி அறையிலிருந்து வருபவை உண்டு. செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணி மேசைமேல் வருடக்கணக்கில் ஓடியவை உண்டு. ஈப்போவில் கம்பெனிகள் கழித்துப்போட்டதைப் பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கி வந்தவையும், 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் இணைய வகுப்புக்காக அவசரமாக வாங்கி இப்போது வாரண்டி முடிந்து நிற்பவையும் உண்டு. கொண்டுவருகிறவர்கள் சொல்வது மட்டும் ஒன்றுதான்: "அண்ணே, டெட் பிக்சல் வந்துருச்சி." பிக்சல் என்பது திரையில் படத்தை உருவாக்கும் மிகச்சிறு புள்ளி, டெட் பிக்சல் என்றால் செத்த பிக்சல். பல சமயம் அது டெட் பிக்சலே இல்லை. பெயர் தப்பாக வைத்தால் வைத்தியமும் தப்பாகிவிடும். தூசியை வாரண்டியில் மாற்றித் தரமாட்டார்கள், செத்த பிக்சலை எந்த மென்பொருளும் எழுப்பாது. சிக்கிய பிக்சலுக்கு, அதாவது ஒரே நிறத்தில் எரிந்தபடியே நின்றுவிட்டதற்கு மட்டும் வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு வழி இருக்கிறது.

பிக்சல் பற்றிக் கொஞ்சம்

ஃபுல் எச்டி திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 பிக்சல்கள். பெருக்கினால் 2,073,600. ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப் பிக்சல்கள். ஆக 6,220,800 குட்டி ஜன்னல்கள், ஒவ்வொன்றையும் திறந்து மூட ஒரு டிரான்சிஸ்டர். 4கே திரையென்றால் இதைப்போல நாலு மடங்கு. 24 அங்குல ஃபுல் எச்டி திரையில் ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய 0.28 மில்லிமீட்டர். துணைப் பிக்சல் அதில் மூன்றில் ஒரு பங்கு, தலைமுடியின் தடிமன்தான் இருக்கும். தொழிற்சாலையில் கண்ணாடிமேல் இந்த டிரான்சிஸ்டர்களை அச்சிடும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் விழுந்தாலும் ஒரு ஜன்னல் போச்சு.

எல்சிடி திரையில் பிக்சல் தானாக ஒளி விடுவதில்லை. பின்னால் எல்இடி விளக்கு எப்போதும் எரிகிறது. நடுவில் இருக்கும் திரவப் படிகம் அந்த ஒளியைக் கடக்க விடுகிறது, அல்லது தடுக்கிறது. ஜன்னல் மூடியபடியே நின்றுவிட்டால் கறுப்பு. திறந்தபடியே நின்றுவிட்டால் வெளிச்சம். மூன்றில் ஒன்று மட்டும் திறந்தோ மூடியோ நின்றால் வண்ணம். ஓஎல்இடி திரையில் கதை வேறு: ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும், பின்விளக்கு கிடையாது. நம் வட்டாரத்தில் மேசை மானிட்டராக அது அரிது. அதனால் கீழே சொல்வதெல்லாம் எல்சிடிக்கு.

ஐந்து நிறச் சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதை முதலில் செய்யுங்கள். பவர்பாயிண்ட்டில் ஐந்து ஸ்லைடு போடுங்கள். பின்னணி ஒன்றுக்குக் கறுப்பு, ஒன்றுக்கு வெள்ளை, மற்ற மூன்றுக்குச் சிவப்பு, பச்சை, நீலம். நிறங்கள் சுத்தமாக இருக்க வேண்டும். சிவப்பென்றால் 255, 0, 0 என்று எண்ணைத் தட்டிக் கொடுங்கள், கண்ணளவில் தேர்ந்தெடுக்காதீர்கள். எஃப் 5 அழுத்தினால் முழுத்திரையில் ஓடும். இணையத்தில் இதற்கென்றே பக்கங்கள் உண்டு, அவையும் சரிதான். பள்ளி அறையில் லைன் இல்லாத நாளிலும் பவர்பாயிண்ட் இருக்கும் என்பதால் நான் இதைச் சொல்கிறேன்.

தொடங்குமுன் திரையை அணைத்து, மூக்குக்கண்ணாடி துடைக்கும் மென்துணியால் காய்ந்தபடியே துடையுங்கள். அறை விளக்கை அணையுங்கள். கறுப்புத் திரையைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துப் பயனில்லை. திரைத் தெளிவு (ரெசல்யூஷன்) அந்த மானிட்டருக்குரிய முழு அளவில் இருக்கிறதா என்று அமைப்பில் பாருங்கள். அப்புறம் ஒரு தாளில், எந்த நிறத்தில் புள்ளி தெரிகிறது, எதில் மறைகிறது, தெரியும்போது என்ன நிறம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் கடைக்காரரிடம் பேசும்போதும் இந்தத் தாள் உதவும்.

புள்ளி எழுத்தோடு சேர்ந்து நகர்கிறது

இது திரையின் கோளாறே இல்லை. தமிழில் இந்தக் குழப்பம் அதிகம், ஏனென்றால் நம் எழுத்துகளுக்கு மேலே புள்ளி சாதாரணம். தேர்வுத்தாள் தட்டச்சு செய்த ஓர் ஆசிரியை, 'படம்' என்பதில் 'ட' தலையில் புள்ளி தெரிகிறது, அழித்தால் போகவில்லை என்று மானிட்டரையே தூக்கிக்கொண்டு வந்தார். பக்கத்தை இரண்டு வரி மேலே நகர்த்தியதும் புள்ளி 'ட' தலையை விட்டு வெள்ளைத் தாளில் தனியாக நின்றது. ஆக அவர் விஷயத்தில் அது திரைதான். அதே புள்ளி எழுத்தோடு கூடவே நகர்ந்திருந்தால் கோப்பைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கைப்பேசிக்கு அனுப்பிப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் கணினி அனுப்பும் படத்தைத்தான் பதிவு செய்யும், பேனலில் (மானிட்டரின் திரைத்தட்டில்) உள்ளதைப் பதிவு செய்யாது. கைப்பேசியிலும் புள்ளி தெரிந்தால் குற்றம் கணினி பக்கம். தெரியாவிட்டால் மானிட்டர் பக்கம், அல்லது நடுவில் இருக்கும் கேபிள், கிராபிக்ஸ் கார்டின் வெளியீடு.

எல்லா நிறத்திலும் கறுப்பு

வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் நாலிலும் கறுப்பாகவே நிற்கிறது, கறுப்புத் திரையில் மட்டும் காணோம். அளவு சரியாக ஒரு பிக்சல், ஓரம் கத்தியால் வெட்டியதுபோல நேராக இருக்கிறது. அப்படியென்றால் உண்மையான டெட் பிக்சல். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கண்ணாடி இல்லையென்றால் கைப்பேசியைப் படுக்கவைத்து, அதன் முன் கேமரா வில்லைமேல் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, திரையை அதன்மேல் கவிழ்த்துப் பார்க்கும் வித்தை ஒன்று உண்டு. மடிக்கணினித் திரையென்றால் அந்த வித்தை சரிவரும், மேசை மானிட்டருக்குப் பத்து ரிங்கிட் உருப்பெருக்கியே மேல்.

இதற்கு வைத்தியம் இல்லை. டிரான்சிஸ்டரோ அதற்குப் போகும் இணைப்போ அறுந்திருக்கிறது. வண்ணங்களை மின்னவிடும் மென்பொருளை இரவு முழுக்க ஓடவிட்டாலும், போகாத மின்சாரம் போகாது. ஒரு புள்ளி, அதுவும் ஓரத்தில் என்றால் அப்படியே பயன்படுத்துங்கள் என்றுதான் நான் சொல்வேன். கறுப்புப் புள்ளி கண்ணுக்குக் குறைவாகவே உறுத்தும். தொழிற்சாலையிலேயே, எப்போதும் எரியும் புள்ளியை லேசரால் சுட்டுக் கறுப்பாக்கி அனுப்பும் வழக்கம் உண்டு. எரிவதைவிட இருண்டது மேல் என்று அவர்களுக்கும் தெரியும்.

ஆனால் ஓரம் மங்கலாக, வட்டமாக, ஒரு பிக்சலைவிடப் பெரிதாக இருந்தால் அது வேறு. அதற்குத் தனியாக வருகிறேன்.

கறுப்புத் திரையில் வண்ணப் புள்ளி

இதுதான் அதிகம் உறுத்துவது, இதில்தான் நம்பிக்கையும் உண்டு. கறுப்புத் திரையில் சிவப்பாக ஒளிர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புத் துணைப் பிக்சல் திறந்தபடி சிக்கிக்கொண்டது. அப்படியானால் சிவப்புத் திரையிலும் வெள்ளைத் திரையிலும் அது மறைய வேண்டும், ஏனென்றால் அங்கே அது எரிய வேண்டிய நேரம்தான். பச்சைத் திரையில் பச்சையோடு சிவப்பு சேர்ந்து மஞ்சளாகத் தெரியும். நீலத் திரையில் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த மெஜந்தாவாகத் தெரியும். உங்கள் தாளில் இந்தக் கணக்கு ஒத்துவந்தால் சந்தேகமே வேண்டாம், ஒரே ஒரு துணைப் பிக்சல்தான். பச்சை சிக்கியிருந்தால் சிவப்புத் திரையில் மஞ்சள், நீலத் திரையில் வெளிர்நீலம். நீலம் சிக்கியிருந்தால் சிவப்புத் திரையில் மெஜந்தா, பச்சைத் திரையில் வெளிர்நீலம். மூன்றில் பச்சைதான் கண்ணுக்குப் பளிச்சென்று படும். நீலம் சிக்கியிருப்பதைப் பலர் வருடக்கணக்கில் கவனிப்பதே இல்லை.

செய்ய வேண்டியது இது. அந்த இடத்தில் வண்ணங்களை வேகமாக மாற்றி மாற்றி மின்னவிடும் கருவிகள் இருக்கின்றன. உலாவியிலேயே ஓடும் ஜேஸ்கிரீன்ஃபிக்ஸ் இலவசம். விண்டோஸில் நிறுவிக்கொள்ள யூடிபிக்சல் இருக்கிறது. மின்னும் சிறு சதுரத்தை இழுத்துப் புள்ளியின்மேல் வைத்துவிட்டு விடுங்கள். பத்து நிமிடத்தில் தெளிந்தால் அதிர்ஷ்டம். தெளியாவிட்டால் சில மணி நேரம் ஓடவிடுங்கள். திரை தானாக அணையும் அமைப்பை அந்த நேரத்துக்கு நிறுத்திவையுங்கள், இல்லையென்றால் நீங்கள் சாப்பிட்டு வருவதற்குள் அது தூங்கியிருக்கும். மின்னும் சதுரத்தின்மேல் ஒரு அட்டையைச் சாய்த்து மறைத்துவிடுங்கள். வேகமாக மின்னும் ஒளி வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து, வீட்டில் பிள்ளைகளும் பக்கத்தில் வந்து உற்றுப் பார்ப்பார்கள்.

இது சில நேரம் பலிக்கும், பல நேரம் பலிக்காது. பலித்தது சில வாரம் கழித்துத் திரும்பி வருவதும் உண்டு. ஒன்றும் செய்யாமலே தானாகச் சரியாகும் புள்ளிகளும் உண்டு என்பதால், மென்பொருள்தான் குணப்படுத்தியது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் செலவில்லை, திரைக்குக் கெடுதலும் இல்லை.

அமுக்கித் தேய்க்கும் வைத்தியத்தைப் பற்றியும் கேட்பீர்கள். திரையை அணைத்து, ஈரத்துணி சுற்றிய மழுங்கிய முனையால் அந்த இடத்தை மெல்ல அழுத்தியபடி திரையைப் போட வேண்டும் என்பார்கள். அழுத்தம் படிகத்தை அசைத்துச் சிக்கலை விடுவிக்கலாம் என்பது அதன் நியாயம். நான் கடையில் இதைச் செய்வதில்லை. பக்கத்துப் பிக்சல்கள் போனால் திருப்பித் தர வழியில்லை, அழுத்தத் தழும்பு விழுந்தால் வாரண்டியும் போகும். வாரண்டி முடிந்து, மின்னவைத்தும் பயனில்லாமல், தூக்கிப்போடத் தயாராக இருக்கும் மானிட்டரென்றால் உங்கள் இஷ்டம். ஹேர்டிரையரால் சூடு காட்டுவது மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம்.

இங்கே ஒரு விதிவிலக்கு. பழைய, மலிவான மானிட்டர்களில் டிஎன் வகைப் பேனல் இருக்கும். பக்கவாட்டில், மேலிருந்து, கீழிருந்து பார்த்தால் நிறம் மாறித் தெரிவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அந்த வகையில் மின்னழுத்தம் இல்லாதபோது ஜன்னல் திறந்திருக்கும். ஐபிஎஸ், விஏ வகைகளில் மின்னழுத்தம் இல்லாதபோது மூடியிருக்கும். ஆகவே டிரான்சிஸ்டர் அறுந்துபோன அதே கோளாறு ஐபிஎஸ் திரையில் இருட்டாகவும் டிஎன் திரையில் வெளிச்சமாகவும் தெரியும். பள்ளிக் கணினி அறையின் பழைய டிஎன் திரையில் ஒளிரும் புள்ளி சிக்கியதாக இல்லாமல் செத்ததாகவே இருக்கலாம். இரண்டு மூன்று முறை மின்னவைத்தும் அசையாவிட்டால் விட்டுவிடுங்கள்.

எல்லா நிறத்திலும் வெள்ளை

மூன்று துணைப் பிக்சல்களும் திறந்தே நிற்கின்றன. ஹாட் பிக்சல் என்பது இதுதான். கறுப்பில் நட்சத்திரம்போல் தெரியும், வெள்ளையில் மறையும். மின்னவைத்துப் பார்க்கலாம், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு. புதிய மானிட்டரில் இது இருந்தால் நேராக வாரண்டிப் பகுதிக்குப் போங்கள். நிறுவனங்கள் அதிகம் மதிக்கும் குறை இது.

வெள்ளைத் திரையில் வண்ணப் புள்ளி

கறுப்பில் ஒன்றுமில்லை, வெள்ளையில் வெளிர்நீலப் புள்ளி என்றால் சிவப்புத் துணைப் பிக்சல் மூடியே கிடக்கிறது. வெள்ளையில் சிவப்பைக் கழித்தால் மிஞ்சுவது அந்த நிறம். சிவப்புத் திரையில் அதே இடம் கறுப்பாகத் தெரியும், பச்சையிலும் நீலத்திலும் மறையும். வெள்ளையில் மெஜந்தா தெரிந்தால் பச்சை போயிருக்கிறது. மஞ்சள் தெரிந்தால் நீலம் போயிருக்கிறது. வெள்ளைமேல் மஞ்சள் புள்ளியைக் கண்டுபிடிப்பதே கஷ்டம், அதனால் நீலத் திரையில் கறுப்பைத் தேடுங்கள். வைத்தியம் டெட் பிக்சலுக்குச் சொன்னதுதான், அதாவது பொறுத்துப் போவது.

மங்கலான நிழல், நகரும் புள்ளி

வெள்ளையில் சாம்பல் நிறத் திட்டு, ஓரம் கலங்கியிருக்கிறது, நாலைந்து பிக்சலாவது பரவியிருக்கிறது, பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் இடம் சற்று மாறுவதுபோல் இருக்கிறது. இது பேனலுக்குப் பின்னால், ஒளியைப் பரப்பும் தாள்களுக்கிடையே மாட்டிய தூசி. பின்விளக்கின் வெளிச்சத்தில் அதன் நிழலைத்தான் பார்க்கிறீர்கள். சிவப்பு, பச்சை, நீலம் எதிலும் ஒரேபோல மங்கலாகத் தெரியும், கறுப்பில் தெரியாது. டெட் பிக்சலிலிருந்து இதைப் பிரிப்பது ஓரத்தின் தன்மைதான்.

அந்தப் புள்ளி நகர்ந்தால்? பூச்சி. தோட்டத்துப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், மாலை மழை விட்டதும் ஈசல் விளக்கைச் சுற்றும். மலாய்க்காரர் கெல்காத்து என்பார்களே, அதுதான். ஈசல் பெரிது, உள்ளே நுழையாது. அதோடு சேர்ந்து வரும் கடுகைவிடச் சிறிய பூச்சிகளும் எறும்புகளும்தான் காற்றுத் துவாரம் வழியாகப் போய் அந்தத் தாள்களுக்கிடையே சிக்குகின்றன. தயவுசெய்து விரலால் நசுக்காதீர்கள். நசுக்கினால் அது அங்கேயே ஒட்டிக்கொண்டு நிரந்தரக் கறையாகிவிடும். உயிரோடு இருந்தால் மானிட்டரை அணைத்துவிட்டு, இருட்டு அறையில் திரையின் ஓரத்துக்கு அருகே ஒரு மேசைவிளக்கை வைத்துவிடுங்கள். வெளிச்சம் இருக்கும் பக்கம் அது தானாக நகர்ந்து வெளியேறலாம். செத்துவிட்டால் அணைத்த மானிட்டரின் பின்பக்கச் சட்டத்தை மெல்லத் தட்டிப் பாருங்கள், நழுவிக் கீழ் ஓரத்துக்கு இறங்கக்கூடும். அதற்கும் மசியாவிட்டால் பேனலைப் பிரித்துத் தாள்களை எடுக்க வேண்டும். அது வீட்டில் செய்கிற வேலையல்ல. ஒரு தூசியை எடுக்கப் போய் மூன்று தூசியில் முடியும்.

சாயங்காலம் வாசல் கதவைத் திறந்துபோட்டு, அறை விளக்கை அணைத்து, மானிட்டர் வெளிச்சத்தில் மட்டும் உட்காரும் பழக்கம்தான் இதற்கெல்லாம் மூலம். விளக்கைப் போடுங்கள், பூச்சி அங்கே போகும்.

நேர்க்கோடு

செங்குத்தாகவோ கிடையாகவோ திரையின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே கோடு. இங்கே ஒரே ஒரு கேள்வி: கோடு மானிட்டருடையதா, கணினியிலிருந்து வருகிறதா? மானிட்டரின் சொந்த மெனுவைத் திறங்கள், பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தப் பெட்டியை. அதைக் கோட்டின்மேல் கொண்டுவர முடிந்தால், கோடு மெனுவையும் வெட்டிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். வெட்டினால் பேனல். இன்னும் சுலபம்: சிக்னல் கேபிளைக் கழற்றுங்கள். "சிக்னல் இல்லை" என்ற பெட்டி வரும்போதும் கோடு நின்றால் கணினிக்குச் சம்பந்தமே இல்லை. டெல் மானிட்டர்கள் பலவற்றில், கேபிளைக் கழற்றிய நிலையில் குறிப்பிட்ட பொத்தானை அழுத்திப் பிடித்தால் அதுவே சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரை நிறங்களைக் காட்டும் உள்சோதனை இருக்கிறது. எந்தப் பொத்தான் என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

பேனல் கோடென்றால் ஒரு வரிசைக்கு மின்சாரம் கொண்டுபோகும் இணைப்பு விட்டுப்போனது என்று பொருள். செங்குத்துக் கோடு ஒரு நெடுவரிசையுடைய இணைப்பு, கிடைக்கோடு ஒரு குறுக்குவரிசையுடையது. ஓரத்தில் விரல் வைத்தால் கோடு மறைந்து மறைந்து வருகிறதென்றால் அந்த இணைப்பு லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மகிழ்ச்சியடைய வேண்டாம். அந்த மெல்லிய நாடா கண்ணாடியோடு ஒட்டப்பட்டிருப்பது சூடும் அழுத்தமும் கொடுக்கும் தனி இயந்திரத்தால். சாதாரணப் பற்றவைப்பால் திரும்ப ஒட்ட முடியாது. பேனலை மாற்றும் செலவு பெரும்பாலும் இன்னொரு மானிட்டர் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

மின்னி மின்னி மறையும் புள்ளிகள்

இடம் மாறி மாறிப் பொறி பறக்கிறது, விளையாட்டிலோ இருண்ட காட்சியிலோ அதிகம். பிக்சல் ஒருபோதும் இடம் மாறாது. மாறினால் அது சிக்னல். எச்டிஎம்ஐ கேபிள் நீளமாகவோ மட்டமாகவோ, முனை சரியாகப் பதியாமலோ இருக்கிறது. கழற்றி மாட்டுங்கள், குட்டையான இன்னொரு கேபிளை இரவல் வாங்கிப் போடுங்கள், கணினியில் வேறு துளை இருந்தால் அதில் மாட்டுங்கள். மூன்றும் உதவாவிட்டால் மானிட்டரை வேறு கணினியில் மாட்டுங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகியுங்கள். சதுரம் சதுரமாகத் திட்டுகள், விண்டோஸ் தொடங்குமுன்பே சிதறிய எழுத்துகள் என்றால் கார்டின் நினைவகமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பழைய விஜிஏ கேபிளில் எழுத்து இரட்டை நிழலாக, நீரில் ஆடுவதுபோல இருந்தால் மானிட்டரில் ஆட்டோ பொத்தானை ஒரு தடவை அழுத்துங்கள். முடிந்தது.

இடிமழைக்கு மறுநாள் வரும் புள்ளிக்கு இடியைப் பழி சொல்பவர்கள் உண்டு. மின்னல் பாய்ச்சல் மின்சாரப் பலகையையோ கேபிள் துளையையோ மொத்தமாகக் கொல்லும். ஒரு பிக்சலை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொல்லாது. ஆனாலும் இடி இறங்கும் நேரத்தில் பிளக்கைக் கழற்றுவது நல்ல பழக்கம்தான்.

மை கொட்டியதுபோல் கறுப்பு

உள்கண்ணாடி உடைந்து திரவப் படிகம் கசிகிறது. வெளியே விரிசல் தெரியாமலும் இருக்கலாம். நாள்பட விரியும். பேனல் மாற்றுவதைத் தவிர வழியில்லை, அடிபட்டது என்பதால் வாரண்டியும் கிடையாது.

இருட்டில் மூலைகள் வெளிறித் தெரிவது பின்விளக்கின் கசிவு. ஒரே படம் நாள் முழுக்க நின்றதால் டாஸ்க்பாரின் நிழல் தங்குவது எல்சிடியில் பெரும்பாலும் தற்காலிகம், சில மணி நேரம் அணைத்துவைத்தால் போய்விடும். எழுத்தோரத்தில் சிவப்பு நீலச் சாயல் தெரிந்தால் விண்டோஸில் கிளியர்டைப் அமைப்பை ஒருமுறை ஓட்டுங்கள். மூன்றும் பிக்சல் கோளாறு அல்ல.

வாரண்டியில் கேட்கலாமா

"ஒரு புள்ளிக்கெல்லாம் மாத்தித் தரமாட்டோம்" என்று கடையில் சொன்னால் அது முழுப் பொய் இல்லை. 2001-இல் வந்த ஐஎஸ்ஓ 13406-2 தரவிதி, திரைகளை நான்கு வகுப்பாகப் பிரித்தது. அதில் இரண்டாம் வகுப்புத் திரையில் ஒரு மில்லியன் பிக்சலுக்கு எப்போதும் எரிவது 2, எப்போதும் இருண்டது 2, துணைப் பிக்சல் குறை 5 வரை இருக்கலாம். நம் ஃபுல் எச்டி திரையில் இரண்டு மில்லியனுக்குக் கொஞ்சம் மேல். ஆக எரிவது 4, இருண்டது 4, துணைப் பிக்சல் குறை 10 வரை இருந்தாலும் தரவிதிப்படி அது நல்ல மானிட்டர்! 2008-இல் அதன் இடத்துக்கு ஐஎஸ்ஓ 9241 வரிசையின் 300-களில் வரும் பகுதிகள் வந்தன, பிக்சல் குறைகள் பற்றிய அளவுகள் 307-ஆம் பகுதியில். ஆனால் குறை கொஞ்சம் இருக்கலாம் என்ற அடிப்படை மாறவில்லை.

நிறுவனங்கள் தங்கள் சொந்தக் கணக்கையும் வைத்திருக்கின்றன. சில, எரியும் புள்ளி ஒன்றே ஒன்று இருந்தாலும் மாற்றித் தரும். டெல்லின் அல்ட்ராஷார்ப் வரிசைக்கு அப்படியொரு உத்தரவாதம் உண்டு. அதே உத்தரவாதம் இருண்ட புள்ளிக்குப் பொருந்தாது என்பதைச் சின்ன எழுத்தில் பார்ப்பீர்கள். ஆகவே உங்கள் மாடலின் பிக்சல் கொள்கையைத் தேடி எடுத்து, ஐந்து நிறத் தாளையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். "கறுப்புத் திரையில் பச்சை, நடுவிலிருந்து இரண்டு அங்குலம் இடப்பக்கம்" என்று சொல்பவரிடம் கடைக்காரர் பேசும் விதமே வேறு. கைப்பேசிப் படமும் எடுங்கள், ஆனால் நெருங்கிப் போனால் அலை அலையான கோலம் விழும். சற்றுத் தள்ளி நின்று, பக்கத்தில் ஒரு பென்சில் முனையைக் காட்டி எடுத்தால் போதும்.

பல கடைகளில் வாங்கிய முதல் சில நாட்களுக்குள் நேரடி மாற்று உண்டு. நிறுவன வாரண்டியைவிட அதில் வாதம் குறைவு. அதனால் புது மானிட்டர் வந்த இரவே சோதனையை முடியுங்கள், தீபாவளிக்குப் பிறகு பெட்டியைத் திறப்போம் என்று வைக்காதீர்கள். இணையத்தில் வாங்கினால் பெட்டி பிரிப்பதைக் காணொளி எடுத்துவையுங்கள். ரிசிட்டைக் கைப்பேசியில் படம் பிடித்துவையுங்கள், கடை ரிசிட்டின் எழுத்து வெயிலிலும் சூட்டிலும் மங்கிவிடும்.

விற்றவர் சொன்னது ஒன்று, கையில் வந்தது ஒன்று என்றால் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை மூன்று வருடத்துக்குள் பதியலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை. இது வீட்டு உபயோகத்துக்கு வாங்கியவர்களுக்கு மட்டும். தோட்டத்து ஆபீஸ் பேரில் வாங்கிய மானிட்டருக்கு இந்த வழி கிடையாது. ஆனால் கொள்கைக்குள் அடங்கும் ஒரே ஒரு இருண்ட புள்ளிக்காக நடுவர் மன்றம் போவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. பூச்சியமே குறை என்று விளம்பரத்தில் எழுதி விற்றிருந்தால் அது வேறு விஷயம். அந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்தான் உங்கள் சாட்சி.

பழையது வாங்கும்போது

ஐந்து நிறப் படங்களையும் ஒரு தம்ப்டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள். விற்பவரிடம் கணினி இருந்தால் அதிலேயே ஓட்டலாம். சில மானிட்டர்களில் யூஎஸ்பி துளை இருந்தாலும் படம் காட்டாது, அதை நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள். மானிட்டரைக் குறைந்தது பத்து நிமிடம் எரியவிட்ட பிறகு பாருங்கள். சில கோடுகள் சூடேறிய பிறகுதான் வரும். கறுப்புத் திரையைக் கடை விளக்கின் கீழே காட்டினால், ஒரு துண்டை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு பாருங்கள், யார் சிரித்தாலும் பரவாயில்லை. நடுவில் பச்சைப் புள்ளி இருந்தால் வேண்டாம். ஓரத்தில் கறுப்புப் புள்ளி ஒன்றிரண்டு என்றால் விலையைக் குறைத்து வாங்கலாம், நான் அப்படி வாங்கி விற்றிருக்கிறேன், வாங்கியவரிடம் புள்ளியைக் காட்டிவிட்டுத்தான். கோடு இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம், இன்று ஒன்று, நாளை அதன் பக்கத்தில் இன்னொன்று. "அது வெறும் தூசிதாங்க, தொடச்சா போயிடும்" என்று விற்பவர் சொன்னால், பணத்தை எடுக்குமுன் அவரையே துடைத்துக் காட்டச் சொல்லுங்கள்.